நாவலுக்கு அனுமதி வாங்கினேன், பெயருக்கு வாங்கவில்லை

2024 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றைக் கொண்டுவந்தார். கையெழுத்து வைத்து வாங்கி, வாசலில் நின்றபடியே உறையைக் கிழித்தேன். புதுக்கடையில் இருக்கும் ஒரு சட்டத்தரணி அனுப்பிய கோரிக்கைக் கடிதம். நான் எடுத்து முடித்திருந்த படத்தின் துப்பறிவாளர் பெயரையும், அவர் ஒரு காலை இழுத்து நடக்கும் நடையையும், படத்தின் தலைப்பையும் உடனே கைவிட வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம் செல்வோம் என்று எழுதியிருந்தது. படம் ஏப்ரலில் வெளிவர இருந்தது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, போஸ்டரும் அடித்தாயிற்று. மனைவியின் இரண்டு சோடிக் காப்பு அடைவில் இருந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வெள்ளவத்தைக் கடற்கரையில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மத்தியானம் வரை இருந்தேன். மூன்று நாட்கள் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நாவலை வைத்துப் படம் எடுக்க, அதுவும் வேறொருவர் எடுத்த படத்துக்குத் தொடர்ச்சி எடுக்க நினைப்பவர்கள் நம் மத்தியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் கணக்கு வழக்கோடு எழுதுகிறேன்.

கதை 2018இல் தொடங்குகிறது. கொழும்பில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த துப்பறியும் தொடர்கதை ஒன்றை ஒரு மணித்தியாலப் படமாக எடுத்தார். அந்தத் துப்பறிவாளர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாவலில் அவர் பெயர் கந்தையா. பெயர் பழையதாக இருக்கிறது என்று அண்ணன் அதை மாற்றி, மூன்றெழுத்தில் புதுப் பெயர் ஒன்று வைத்தார். ஒரு காலை இழுத்து நடக்கும் நடையையும் அவரே சேர்த்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுத முடியாது, ஏன் என்பது பிறகு விளங்கும். படம் சனங்களுக்குப் பிடித்துக்கொண்டது. அடுத்த பாகம் எப்போது என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அண்ணன் எடுக்கவில்லை. அதே எழுத்தாளரின் இரண்டாவது நாவலை நான் எடுப்பது என்று 2022இல் முடிவெடுத்தேன்.

நாவல் கைக்கு வந்ததே ஒரு பெரிய விஷயம். எழுத்தாளரின் வீடு 1983 ஜூலையில் எரிந்தது. கையெழுத்துப் பிரதி ஒன்றும் மிஞ்சவில்லை. சொந்தக்காரர் வீட்டில் பத்திரிகை வெட்டுத்துண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. அதிலும் நடுவில் நான்கு வாரம் இல்லை. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடினேன், 'நூலகம்' என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தில் தேடினேன், கடைசியில் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைத் தொகுப்பைப் புரட்டி மூன்று வாரத்தைக் கண்டெடுத்தேன். நான்காவது வாரம் இன்னும் கிடைக்கவில்லை. பழைய தொடர்கதையைத் தேடுகிறவர்கள் இந்த மூன்று இடங்களையும் விட்டுவிடாதீர்கள். அலைச்சல்தான், ஆனால் மஞ்சள் பட்ட தாளில் அந்த மனிதரின் வசனத்தை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் ஒரு பெண்ணுக்கு வரும் மிரட்டல் கடிதத்தில் கதை தொடங்கும். வாசித்து முடிய இரவு இரண்டு மணி.

தொடர்ச்சிப் படம் எப்படி எடுப்பது என்று படிக்க நான் வைத்திருந்த பாடப்புத்தகம் ஓர் அமெரிக்கப் படம்: 1975இல் வந்த 'த ட்ரவுனிங் பூல்'. ரோஸ் மக்டொனால்ட் 1950இல் எழுதிய நாவல் அது. அவருடைய துப்பறிவாளர் லூ ஆர்ச்சரை வைத்து 1966இல் முதல் படம் வந்தது, ஒன்பது வருடம் கழித்து இரண்டாவது. இரண்டிலும் நாயகன் நடிகர் போல் நியூமன்தான், ஆனால் இயக்குநர் வேறு. நாவல் கலிபோர்னியாவில் நடக்கும், படத்தை லூசியானாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒளிப்பதிவு 'த காட்ஃபாதர்' எடுத்த கோர்டன் வில்லிஸ். பாழடைந்த மனநோய் வைத்தியசாலை ஒன்றின் நீர்ச்சிகிச்சை அறையில் துப்பறிவாளரையும் ஒரு பெண்ணையும் பூட்டிவைப்பார்கள். கூரைக் கண்ணாடி வரை மிதந்து ஏறித் தப்பலாம் என்று அவர் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுவார். தண்ணீர் ஏறும், கண்ணாடி உடையாது. அந்தக் காட்சியை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். தப்புவதற்கு அவரே திறந்த தண்ணீர் அவருடைய கழுத்து வரை வருகிற இடம் என்னை விட்டுப் போகவே இல்லை. இடத்தை மாற்றலாம் என்ற துணிவை அந்தப் படம்தான் தந்தது. செட்டியார் தெருக் கதையை வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்குக் கொண்டுவந்தேன், மிரட்டல் கடிதத்தை வாட்ஸ்அப் குரல் பதிவாக்கினேன்.

ஆனால் அந்தப் படத்தில் நான் படித்திருக்க வேண்டிய பாடம் வேறொன்று. மக்டொனால்டின் நாவல்களில் ஆர்ச்சராக இருக்கிறவர், படங்களில் ஹார்ப்பர். நியூமனுக்கு 'எச்' எழுத்து ராசி என்று ஒரு கதை சொல்வார்கள், நானும் அதையே நம்பியிருந்தேன். முதல் படத்துக்குத் திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்ட்மன் சொன்ன காரணம் வேறு. அவர்கள் வாங்கியது ஒரு நாவலின் உரிமையை மட்டும்தான், தொடர் முழுவதின் உரிமையை அல்ல, அதனால் வேறு பெயர் வைக்க வேண்டியிருந்தது. நாவலை வாங்கினாலும் நாயகன் பெயர் அதோடு சேர்ந்து வந்துவிடாது. இதை நான் வாசித்தது கடிதம் வந்த பிறகு.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். எழுத்தாளரின் மகள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்துக் கதைத்தேன். மிகவும் சந்தோஷப்பட்டார். "அப்பான்ர பேர் திரும்ப வெளியில வந்தாக் காணும் தம்பி" என்று குரல் பதிவில் சொன்னார். 75,000 ரூபாய் அனுப்பினேன், பற்றுச்சீட்டுக்கூடக் கேட்கவில்லை. அப்புறம், முதல் படம் எடுத்த அண்ணனை சவோய் தியேட்டருக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்து விஷயத்தைச் சொன்னேன். "செய் தம்பி, நல்ல விஷயம்தானே. அந்தப் பேரையே வை, சனத்துக்குத் தெரிஞ்ச பேர்" என்றார். கை குலுக்கினோம். இரண்டு பக்கமும் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

முதல் இடி திரைக்கதை முடிந்த நேரம் விழுந்தது. எழுத்தாளரின் மூத்த மகன் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், அவர் தொலைபேசி எடுத்தார். "அப்பான்ர கதை தங்கச்சிக்கு மட்டும் உரியதில்லைத்தானே" என்று ஒரே வரியில் சொன்னார். குரலில் கோபம் இல்லை, தன்னிடம் கேட்கவில்லை என்ற வருத்தம்தான் இருந்தது. அவர் சொன்னது சரி. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கிறது. அது வாரிசுகளுக்குப் போகிறது. மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று கையெழுத்து. உரிமையைக் கொடுப்பதும், பயன்படுத்த அனுமதிப்பதும் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குரல் பதிவு பாசத்துக்குச் சாட்சியாகலாம், உரிமைக்கு ஆகாது. மகளின் இரண்டு அண்ணன்மாருக்கும் ஆளுக்கு 50,000 கொடுத்து, மூன்று பேரும் ஒப்பமிட்ட கடிதம் ஒன்றை எழுதி வாங்கினேன். அது எப்படியும் கொடுத்திருக்க வேண்டிய பணம், அதை நட்டமாக நான் எண்ணவில்லை. மூத்தவர் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, அடியில் இருந்து பத்திரிகை ஆசிரியர் அப்பாவுக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். தொடராக வெளியிட மட்டும் அனுமதி என்று அதில் இருந்தது. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் பத்திரிகைக்கு உரிமை போயிருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்து வந்திருக்கும். பழைய எழுத்தாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: கதைகளோடு கடிதங்களையும் கவனமாக வைத்திருங்கள்.

படப்பிடிப்பு 2023 நவம்பரில் நடந்தது. பதினொரு இரவுகள், எல்லாம் சேர்த்துப் படத்துக்கு 14 இலட்சம். இருட்டுப் படம் என்றால் தெரு நனைந்திருக்க வேண்டும், விளக்கு வெளிச்சம் தாரில் விழுந்து மின்ன வேண்டும். அதற்காக ஓர் இரவு 18,000 ரூபாய்க்குத் தண்ணீர் பவுசர் பிடித்தோம். பவுசர் போய் அரை மணித்தியாலத்தில் உண்மையான மழை வந்து கொட்டியது. நவம்பரில் கொழும்பில் பின்னேர மழைக்குப் பஞ்சமில்லை, பவுசரை முற்பதிவு செய்ய வேண்டாம். தெருவில் படமெடுக்க பொலிஸ் அனுமதி வாங்கும்போது உங்கள் காட்சி எந்தெந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நடிகர் நடந்து போன ஒழுங்கையின் ஒரு முனை வேறு பிரிவுக்குள் இருந்தது, அதனால் ஓர் இரவு பாதியிலேயே மூட்டை கட்டினோம். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்.

இனிப் பெரிய விஷயம். கடிதத்தை எடுத்துக்கொண்டு நான்காம் நாள் ஒரு சட்டத்தரணி அக்காவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "முதல் படத்துக்குக் காசு போட்டது ஆர்?" என்பது. நான் ஒருநாளும் யோசிக்காத கேள்வி. அண்ணன் இயக்குநர் மட்டும்தான். காசு போட்டது வேறொருவர், அவரை நான் கண்டதே இல்லை. படம் என்று வரும்போது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, பொருளாதார உரிமையின் முதல் சொந்தக்காரர் தயாரிப்பாளர்தான் என்று நம் சட்டம் சொல்கிறது. தேத்தண்ணிக் கடையில் அண்ணன் மனதாரத்தான் சொன்னார், ஆனால் கொடுக்க அவரிடம் அந்த உரிமை இருக்கவில்லை. நாவலில் இருப்பது வாரிசுகளுடையது. நாவலில் இல்லாமல் முதல் படத்தில் புதிதாக வந்தது, அதாவது அந்த மூன்றெழுத்துப் பெயரும் காலை இழுக்கும் நடையும், தயாரிப்பாளர் உரிமை கோரக்கூடியது. முதல் படத்தின் தலைப்போடு '2' என்று போட்டு நான் போஸ்டர் அடித்திருந்தேன், அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

"ஒரு ஆள் பழைய வழக்கொன்றைத் துப்பறிகிறார் என்ற யோசனை ஒருவருக்கும் சொந்தமில்லை, அதைச் சட்டம் காப்பாற்றுவதில்லை. ஆனால் அவர் ஆர், என்ன பேர், எப்பிடி நடக்கிறார் என்று திரையில வந்துவிட்டால் சண்டை பிடிக்க இடமிருக்கு" என்று அக்கா விளக்கினார். வழக்காடினால் நான் வெல்லக்கூடும் என்றும் சொன்னார். ஆனால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு இழுபட என்னிடம் காசும் இல்லை, மனமும் இல்லை. சமரசமாகப் போவோம் என்று முடிவெடுத்தோம். அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நாலு நாளா நீங்கள் சாப்பிடாமல் இருந்தது இதுக்குத்தானா" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தயாரிப்பாளர் நான் பயந்த மாதிரி இல்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவருடைய பிரச்சினையும். நடையை மாற்ற முடியாது, படம் முழுக்க நடிகர் காலை இழுத்துத்தான் நடக்கிறார். அதற்கு 1,25,000 ரூபாய் கொடுப்பது, பெயரையும் தலைப்பையும் எடுத்துவிடுவது, அந்தப் பெயரை இனி எங்கேயும் பாவிக்காமல் இருப்பது என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம்.

பெயரை எடுப்பது என்றால் என்ன என்று குரல்பதிவுக் கூடத்தில்தான் விளங்கியது. படத்தில் அந்தப் பெயர் 41 இடத்தில் வருகிறது. நாவலின் கந்தையா என்ற பெயர் வாரிசுகளின் கடிதத்தில் ஏற்கெனவே எனக்குக் கிடைத்திருந்தது, அதையே வைக்கலாம். 27 இடங்களில் பேசுகிறவரின் வாய் தெரியவில்லை, முதுகு அல்லது தூரக் காட்சி, அங்கே சிக்கலில்லை. மிச்சம் 14 இடத்திலும் முகம் முழுத்திரையில் இருக்கிறது. பழைய பெயர் 'ப'வில் தொடங்கும், சொல்லும்போது உதடு இரண்டும் ஒட்டித் திறக்கும். கந்தையாவுக்கு உதடு ஒட்டாது. குரல் ஒன்று சொல்ல வாய் இன்னொன்று சொல்கிறது, பார்க்கவே முடியவில்லை. இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தோம். பதிவு செய்கிற தம்பிதான் கண்டுபிடித்தான்: "அண்ணை, அவர் வாத்தியார்தானே? 'மாஸ்டர்' எண்டு போட்டுப் பாப்பம்." 'ம'வுக்கும் உதடு ஒட்டும், பழைய பெயரைப் போலவே 'ஆ'வில் விரியும். போட்டுப் பார்த்தோம், அச்சொட்டாகப் பொருந்தியது. ஊரில் வாத்தியாரை மாஸ்டர் என்றுதானே கூப்பிடுகிறோம், பெயரை விட அது நன்றாகவும் இருந்தது. எட்டு இடம் அப்படித் தப்பியது. ஆறு இடத்தில் அவரே தன் பெயரைச் சொல்கிறார் அல்லது யாரோ பெயரை விசாரிக்கிறார்கள். அந்த ஆறையும் ஓர் இரவு திரும்ப எடுத்தோம். நடிகர் இடையில் முடி வெட்டியிருந்ததால் தொப்பி போட்டு எடுத்தது, கூர்ந்து பார்த்தால் தெரியும்.

நான் இனிச் செய்யப்போகிற ஒன்றை நீங்களும் செய்யலாம். பெயர் வரும் நெருங்கிய காட்சிகளில் 'ஐயா', 'மாஸ்டர்' என்று பெயரில்லாமல் இன்னொரு தடவை எடுத்துவையுங்கள். ஐந்து நிமிடம் கூடப் போகாது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். சமரசத்துக்கு 1,25,000. சட்டத்தரணிக்கு 45,000. குரல்பதிவுக் கூடத்துக்கு 62,000. திரும்ப எடுத்த அந்த ஓர் இரவுக்கு 88,000. தலைப்பு, போஸ்டர், முன்னோட்டம் எல்லாம் புதிதாகச் செய்ய 30,000. மண்டப முற்பணம் 25,000 திரும்பி வரவில்லை. மொத்தம் 3,75,000 ரூபாய். அடைவு வட்டி தனி. படம் 2024 ஏப்ரலுக்குப் பதிலாக 2025 ஜனவரியில்தான் வந்தது, ஒன்பது மாதம் போயிற்று. படப்பிடிப்புக்கு முன்னால் ஒரு சட்டத்தரணியிடம் திரைக்கதையையும் கடிதங்களையும் காட்டி, "இதில் எனக்கு என்ன குறைகிறது?" என்று கேட்க எவ்வளவு முடிந்திருக்கும் என்று பிறகு அக்காவிடம் கேட்டேன். 15,000 என்றார்.

அவர் சொல்லித் தந்த கேள்விகளை இப்போது ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாவலுக்கு வாரிசுகள் எத்தனை பேர், எல்லோரும் ஒப்பமிட்டார்களா. கடிதத்தில் படம் என்று மட்டும் இருக்கிறதா, தொடர்ச்சி, இணையத்தொடர், வேற்று மொழி, வெளிநாட்டுத் திரையிடல் என்று பிரித்து எழுதியிருக்கிறதா. எத்தனை வருடத்துக்கு. பாத்திரத்தின் பெயர் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா. முன்னால் ஒரு படம் வந்திருந்தால் அதன் தயாரிப்பாளர் யார், அவரிடம் கேட்டாயிற்றா. அந்தப் படத்தையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே இருந்து வந்தது என்று கோடு போட்டுப் பார்த்தாயிற்றா. கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. பார்வையாளருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும், எடுக்கிற நமக்கு அப்படித் தெரியக்கூடாது.

அண்ணனோடு எனக்கு மனஸ்தாபம் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பிறகு சில மாதங்கள் நாங்கள் கதைக்கவில்லை, அவருக்கும் சங்கடமாகப் போய்விட்டது. வெளியீட்டுக்கு அவரும் வந்தார், தயாரிப்பாளரும் வந்தார், இரண்டு பேரும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். எழுத்தாளரின் மூத்த மகனை நடுவில் இருத்தினோம். தொலைபேசியில் "நான் கந்தையா கதைக்கிறன்" என்று நடிகர் சொல்கிற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். முதல் படத்தில் அந்தப் பெயர் போனது அவருக்கு இத்தனை வருடம் குறையாக இருந்ததாம், ஒருவரிடமும் சொல்லவில்லையாம்.

மூன்றாவது நாவலின் வெட்டுத்துண்டுகளை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். அந்த பிஸ்கட் டின் இப்போது என் மேசையில் இருக்கிறது. திரைக்கதையில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு கையெழுத்தும் வந்துவிட்டன. ஸ்காபரோ அக்காவின் கடிதம் தபாலில் வந்துகொண்டிருக்கிறது.